மீன் வண்டியில் நான்கு நாட்கள்

அமீரகத்தின் சட்டப்படி, பதினெட்டு வயது நிறைந்த மகனை, அவன் படிப்பில் இருந்தாலொழிய, தகப்பன் தன் பொறுப்பிலான விசாவில் வைத்துக்கொள்ள இயலாது. மகளை மணமாகும்வரை வைத்துக்கொள்ளலாம். எங்களுக்கு மகள் இல்லை. அபுதாபியில் பிறந்து, ருவைஸ் எண்ணெய் ஆலைக் குடியிருப்பில் வளர்ந்து, பொறியியல் படிக்க மட்டும் நான்காண்டு தமிழ்நாட்டில் இருந்துவிட்டுத் திரும்பிய எங்கள் ஒரே மகன், தான் வளர்ந்த வீட்டுக்கு விசிட் விசாவில் வந்தான். தன் அறையில், தன் கட்டிலில், விருந்தாளியாகத் தங்கினான். அந்த விசா முடியும்போதெல்லாம் நாட்டை விட்டு வெளியேறி, அடுத்தது வரும்வரை வெளியே காத்திருந்து, மறுபடி உள்ளே வர வேண்டும். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த ஆண்டுகளில், அப்படிக் காத்திருப்பவர்களுக்கென்றே அமைந்ததுபோல் வளைகுடாவின் வடகரையோரம் ஈரானுக்குச் சொந்தமான இரண்டு தீவுகள் இருந்தன. ஒன்று கிஷ், மற்றது கெஷ்ம். துபாயிலிருந்து ஒரு மணி நேரத்துக்கும் குறைவான விமானப் பயணம். இறங்குவதற்கு முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டியதில்லை. வேலை தேடுகிறவர்கள், வேலை மாறுகிறவர்கள், ஏஜெண்டால் ஏமாற்றப்பட்டவர்கள் எல்லோரும் அங்கே போய்க் காத்துக் கிடந்தார்கள்.

என் மகன் மூன்றாம் முறை கெஷ்முக்குப் போனபோது நானும் உடன் சென்றேன். அதற்குப் பத்து மாதம் கழித்து அவன் இறந்தான். அந்தப் பயணத்தில் நான் செய்த ஒரு காரியமும், சொல்லாமல் விட்ட ஒரு வாக்கியமும் உண்டு. அவற்றை வரிசை மாறாமல் எழுதிப் பார்க்க இவ்வளவு காலம் ஆயிற்று.

நான் போயிருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆலையின் ஆய்வகத்தில் தலைமை வேதியியலாளராக இருந்தேன். விடுப்பு மிச்சம் இருந்தது. இம்முறை அவனுக்காகக் காத்திருந்தது வேலை விசா. ருவைஸில் ஒப்பந்தப் பணி செய்யும் ஒரு நிறுவனத்தில் பரிசோதனைப் பொறியாளர் பதவிக்கு நானே பேசி முடித்திருந்தேன். அந்தத் தாள் என் கண்முன்னே வந்து சேர வேண்டும் என்று நினைத்தேன். ஆய்வகத்தில் முப்பது ஆண்டு இருந்தவனுக்குப் பிறர் படித்துச் சொல்லும் அளவீட்டில் நம்பிக்கை வருவதில்லை.

என் மனைவி வேறு காரணம் சொன்னாள். "போயிட்டு வாங்க. நீங்க ரெண்டு பேரும் சேந்தாப்ல ஒரு மணி நேரம் பேசி நான் பாத்ததே இல்ல."

கெஷ்ம் நகரில் எங்களுக்குக் கிடைத்த விடுதி, ஓர் அறைக்கு எட்டுக் கட்டில் என்ற கணக்கில் நிரம்பியிருந்தது. காலை ஒன்பது மணிக்கு வரவேற்பு மேசையருகே ஏஜெண்டின் எழுத்தர் ஒருவர் துபாயிலிருந்து வந்த ஃபேக்ஸ் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு பெயர்களைப் படிப்பார். பெயர் வந்தவர் தாளை வாங்கிக்கொண்டு மாடிக்கு ஓடுவார். வராதவர்கள் தேநீர் குடிக்கப் போவார்கள். எங்கள் அறையில் காயல்பட்டினத்துக்காரர் ஒருவர் இருந்தார். துபாய் தேராவில் கடை வைத்திருந்தவர், பங்காளியோடு பிரிந்து புது விசாவுக்காகப் பதினெட்டு நாளாகக் காத்திருந்தார்.

"உங்களுக்கு எத்தன நாள் சொல்லியிருக்காங்க, சார்?" என்றார்.

"பத்து நாள் ஆகலாம் என்றார்கள்."

"எனக்கும் பத்துன்னுதான் சொன்னானுவ. இங்க பத்துன்னா நம்ம ஊரு பத்து இல்ல."

இரண்டாம் நாள் மாலை என் மகன் வெளியிலிருந்து வந்து, இந்த அறையில் என்னால் தூங்க முடியவில்லை என்பது தனக்குத் தெரியும் என்றும், இதைவிட மலிவாகவும் நன்றாகவும் ஒரு வழி இருக்கிறது என்றும் சொன்னான். முந்தைய இரு வருகைகளில் அவனுக்குப் பழக்கமான உள்ளூர்க்காரர் ஒருவரிடம் மீன் ஏற்றும் மூடிய வேன் ஒன்று இருந்தது. அந்த வாரம் ஷமால் என்னும் வடமேற்குக் காற்று பலமாக அடித்ததால் படகுகள் கரையேறிவிட்டன. வண்டிக்கு வேலை இல்லை. காற்று அடங்கும்வரை வண்டி நம்முடையது. அதில் படுத்துக்கொள்ளலாம், தீவு முழுவதையும் சுற்றலாம் என்றான்.

"விசா வந்தால்?"

"வழியில இருந்து ஃபோன் பண்ணிக் கேப்போம்பா. விசா ஓடியா போகும்?"

வண்டிக்காரர் தேரா மீன் சந்தையில் பன்னிரண்டு ஆண்டு வேலை பார்த்தவர். எங்களிடம் இந்தியில் பேசினார். "காத்து நின்னதும் கொண்டாந்துரணும், பாய். எனக்கு நீங்க முக்கியம்தான். மீன் உங்களவிட முக்கியம்."

சனிக்கிழமை முழுவதும் அவன் அந்த வண்டியில் வேலை செய்தான். சோப்புத்தூள் போட்டுக் கழுவி, எலுமிச்சைத் தோலால் தேய்த்து, மறுபடி கழுவினான். மீன் வாசனை பாதிதான் போயிற்று. மீன்பெட்டிகளைக் கவிழ்த்து இரு வரிசையாக அடுக்கி, கட்டட வேலை நடக்கும் இடத்தில் கேட்டு வாங்கிய பலகைகளை அவற்றின்மேல் பரப்பி, நகராதபடி கயிற்றால் பிணைத்தான். அளவுகோல் இல்லை. சாண் கணக்கில் அளந்தான். விடுதிக்காரரிடம் இரண்டு மெத்தை, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, ஒரு தண்ணீர்க் கேன் இரவல் வாங்கினான். என் முழங்கால் மடங்காது என்பதால் ஏறுவதற்கு ஒரு பெட்டியைப் படியாக வைத்தான். பலகையின் விளிம்பை உடைந்த கண்ணாடித் துண்டால் சீவி வழவழப்பாக்கியிருந்தான். என் பக்கத்து விளிம்பை மட்டும். தன் பக்கத்தைச் சீவ அவனுக்கு நேரமில்லை.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அவன் வெளியே வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தான். நான் விடுதியின் கீழ்த்தளத்தில் நின்றேன். எழுத்தர் படித்த மூன்றாவது பெயர் அவனுடையது.

நான் தாளை வாங்கிச் சரிபார்த்தேன். பெயர், பிறந்த நாள், கடவுச்சீட்டு எண் யாவும் சரி. தொழில் என்ற கட்டத்தில் பரிசோதனைப் பொறியாளர். கூடவே நிறுவனத்தின் குறிப்பு ஒன்று: வரும் சனிக்கிழமை காலை வேலையில் சேர வேண்டும், தவறினால் அந்த இடம் அடுத்தவருக்குப் போகும். ஆறு நாள் இருந்தது. அன்று மாலையே விமானம் இருந்தது. தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அவன் வண்டியின் கூரைமேல் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டு, ஏதோ ஒரு மெட்டைச் சீட்டியடித்துக்கொண்டிருந்தான்.

"ஏதும் வந்துச்சாப்பா?"

"இல்லை" என்றேன்.

அந்தச் சொல்லை நான் யோசித்துச் சொல்லவில்லை. பொய் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லாததால், சொல்லி முடித்தபின் என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரியவில்லை. வண்டியின் முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். காயல்பட்டினத்துக்காரர் வாசலில் நின்றிருந்தார். பெயர் படிக்கப்பட்டதை அவரும் கேட்டிருந்தார். என்னைப் பார்த்தார், என் சட்டைப் பையைப் பார்த்தார். "பத்திரமா போயிட்டு வாங்க சார்," என்றார்.

கெஷ்ம் நீண்ட தீவு. கிழக்கு முனையில் நகரம். அங்கிருந்து மேற்கே போகப் போக ஊர்கள் சிறுக்கும், மண் நிறம் மாறும். முதல் நாள் தென்கரைச் சாலையில் போனோம். நட்சத்திரப் பள்ளத்தாக்கு என்று உள்ளூரார் அழைக்கும் இடத்தில், மழையும் காற்றும் அரித்துச் செதுக்கிய வெளிர்மண் தூண்கள் வரிசை வரிசையாக நின்றன. மேலே கடினமான அடுக்கு, கீழே மென்மையான அடுக்கு. மேலடுக்கு குடைபோல் காத்த இடங்களில் மட்டும் தூண் நிலைத்திருக்கிறது என்று அவனுக்கு விளக்கினேன். அவன் பாதி கேட்டான். மீதியில் ஒரு தூணின் நிழலில் அடுப்பைப் பற்றவைத்து முட்டை பொரித்தான்.

"லெக்சர் முடிஞ்சா சொல்லுங்க. ரொட்டி ஆறிரும்."

அன்று மாலை ஒரு மீனவ ஊரில் தொலைபேசிக் கடை கண்ணில் பட்டது. வண்டியை நிறுத்திவிட்டு அவன் இறங்கப் போனான். "நீ இரு. நான் பேசுகிறேன்," என்றேன். உள்ளே போய், மரத்தடுப்புக்குள் நின்று, ருவைஸில் பூட்டிக் கிடந்த என் அலுவலக அறையின் எண்ணைச் சுழற்றினேன். என் மேசைமேல் அந்தத் தொலைபேசி அடிப்பது எனக்குக் கேட்டது. பன்னிரண்டு முறை அடித்து அடங்கியது. வெளியே வந்து, இன்னும் இல்லை என்றேன்.

"உங்க மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? வரும்பா. வராம எங்க போகும்?" என்று அவன் எனக்கு ஆறுதல் சொன்னான். அடுத்த இரண்டு நாளும் இதையே செய்தேன்.

இரவில் வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்தே படுத்தோம். அவன் குறட்டை விடுவான் என்பது எனக்கு அதுவரை தெரியாது. பத்து வயதுக்குப் பிறகு அவன் உறங்கும் அறையில் நான் உறங்கியதில்லை.

இரண்டாம் நாள் உப்புக் குகைக்குப் போனோம். தீவின் தென்மேற்கில், ஒரு மலையே உப்பு. குகைக்குள் கூரையிலும் சுவரிலும் உப்புப் படிகங்கள், வெண்மையும் சிவப்பும் சாம்பலுமாக. வாயிலிலிருந்து கசிந்து வெளியேறும் ஓடை இரும்பு கலந்து செந்நிறமாக ஓடி, ஓரங்களில் வெள்ளையாக உறைகிறது. வாழ்நாள் முழுவதும் குழாய்களின் உள்ளே உப்பு படிவதைத் தடுப்பதே என் வேலையாக இருந்தது. இங்கே அது எந்தத் தடையும் இல்லாமல் வளர்ந்திருந்ததைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். டார்ச்சை அவன் பிடித்திருந்தான். நான் எந்தப் பக்கம் திரும்பினேனோ அந்தப் பக்கம் வெளிச்சம் வந்தது.

வெளியே வந்து பாறைமேல் உட்கார்ந்தபோது அவன் பேசினான்.

"அப்பா, ஒண்ணு சொல்லணும். கோவப்படாம கேக்கணும்."

"சொல்லு."

"அல் குசைஸ்ல ஒரு கராஜ் இருக்கு. பாலக்காட்டுக்காரர் நடத்துறாரு. பழைய டெலிவரி வேனை எடுத்து உள்ள கட்டில், அடுப்பு, தண்ணி டேங்க், லைட்டு எல்லாம் வெச்சு, பாலைவனத்துல போயித் தங்குற மாதிரி பண்ணிக் குடுக்குறாங்க. அரபிங்க, வெள்ளக்காரங்க எல்லாம் வாங்குறாங்க. போன மாசம் நான் ரெண்டு வண்டி டிசைன் பண்ணிக் குடுத்தேன். என்னை வரச் சொல்றாரு."

"எனக்கு ஏன் முன்பே சொல்லவில்லை?"

"இப்பதான சொல்றேன்."

"விசாவில் தொழில் என்ன போடுவார்?"

அவன் சிரித்தான். "நான் என்ன சொல்லுறேன், நீங்க என்ன கேக்கிறீங்க. எது காலியா இருக்கோ அதப் போடுவாரு. மெக்கானிக். இல்லேன்னா ஹெல்பர்."

வளைகுடாவில் வாழாதவர்க்கு என் கேள்வி அற்பமாகத் தோன்றலாம். அங்கே ஒரு மனிதன் யார் என்பது அந்தக் கட்டத்தில் எழுதியிருப்பதுதான். மனைவியை அழைத்து வரலாமா, ஓட்டுநர் உரிமம் கேட்கலாமா, வங்கி கடன் தருமா, எல்லாவற்றையும் அதுவே முடிவு செய்யும். ஹெல்பர் என்ற விசாவில் வந்து, கணக்குப் பிரிவில் இருபது ஆண்டு உழைத்து, கடைசிவரை குடும்பத்தைக் கொண்டுவர முடியாமல் போன ஒருவரை நான் அறிவேன். நான் முனைவர் பட்டம் பெற்றவன். என் மகனின் கட்டத்தில் ஹெல்பர் என்று எழுதப்படுவதை என்னால் எண்ணிப் பார்க்க முடியவில்லை. அதை அவனிடம் அப்படியே சொன்னேன்.

"அது ஒரு கட்டம்தானப்பா."

"அந்தக் கட்டத்தை வைத்துத்தான் உன்னை வளர்த்தேன்."

அவன் டார்ச்சைத் துடைத்துப் பையில் வைத்தான். "சரி, அந்த விசா வரட்டும். வந்தப்புறம் பேசிக்கலாம்," என்றான்.

விசா என் பையில் இருந்தது. அதுவரை, அவனோடு இருக்கும் நாட்கள் குறையக்கூடாது என்பதற்காக மறைத்திருந்தேன். அந்த நிமிடத்திலிருந்து வேறொரு காரணமும் சேர்ந்தது. நான் எடுத்து நீட்டினால் அவன் வேண்டாம் என்று சொல்லக்கூடும். நீட்டாமல் சனிக்கிழமையைக் கடக்க விட்டால், கேள்வியே எழாமல் அந்த இடம் வேறொருவனுக்குப் போய்விடும். பிறகு அவன் குசைஸுக்குப் போவதைத் தடுக்க எனக்கு வாய் இராது. இரண்டு வழியையும் நான் எடைபோட்டேன். எந்தப் பக்கமும் தாழவில்லை.

மூன்றாம் நாள் சாலையில் ஒரு டயர் பஞ்சர் ஆயிற்று. மாற்று டயரில் காற்று இல்லை. இரண்டு மணி நேரம் யாரும் வரவில்லை. காற்று மணலை வாரி வீசியது. அவன் டயரைக் கழற்றி, உள்டியூபில் ஓட்டையைத் தேடி, சைக்கிள் பஞ்சர் ஒட்டும் சிறு டப்பியை எங்கிருந்தோ எடுத்து ஒட்டினான். அருகே அமர்ந்து, அவன் கேட்ட கருவிகளை எடுத்துக் கொடுத்தேன். தவறானதை எடுத்துக் கொடுத்தபோது, "பி.எச்.டி. வேலைக்காகாது போல," என்றான். "ஏலே, நீ ஒட்டுறத ஒழுங்கா ஒட்டு," என்றேன். தூத்துக்குடியில் என் தெருவில் விட்டுவந்த பேச்சு அது. அவன் நிமிர்ந்து பார்த்தான். என் வாயிலிருந்து அதை அவன் கேட்டதில்லை. பிறகு அன்று முழுவதும் என்னிடம் "ஏலே அப்பா" என்றே பேசினான். நான் கண்டிக்கவில்லை.

அவன் விரல்கள் வேலை செய்ததை அன்று பகல் முழுவதும் பார்த்திருந்தேன். அவன் இதற்குத்தான் ஆனவன் என்பதில் எனக்கு ஐயம் இருக்கவில்லை. அறிவியல் கற்றவன் கண்ணால் கண்டதை மறுக்கலாகாது. இரவில், அவன் உறங்கிய பின், அவனிடம் சொல்ல வேண்டிய மூன்று வாக்கியங்களை மனத்தில் அமைத்துக்கொண்டேன். இந்தத் தாள் ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டது. சனிக்கிழமை சேரச் சொல்லியிருக்கிறார்கள். உனக்கு விருப்பமில்லையென்றால் கிழித்துவிட்டுக் குசைஸுக்குப் போ, கட்டத்தில் என்ன எழுதினாலும் எனக்குச் சம்மதம். மூன்றாவது நீளமாக இருந்தது. பலமுறை திருத்திச் சுருக்கினேன்.

புதன்கிழமை காற்று அடங்கிவிட்டது. மாலைக்குள் வண்டியைத் திருப்பியாக வேண்டும். வடகரை வழியாகத் திரும்பும்போது லாஃப்ட் என்ற ஊரில் நின்றோம். மலைச்சரிவில் மண்நிற வீடுகள், ஒவ்வொன்றின்மேலும் காற்றைப் பிடித்துக் கீழே அனுப்பும் சதுரக் கோபுரம். சரிவுக்குக் கீழே மழைநீர் சேமிக்கும் கிணறுகள், அருகருகே, கணக்கில்லாமல். அவற்றுக்கு அப்பால் கடலுக்குள் இறங்கி நிற்கும் அலையாத்திக் காடு. நீர் ஏறும் நேரமாதலால் மரங்களின் தலைகள் மட்டும் தெரிந்தன. வண்டியை மேட்டில் நிறுத்திவிட்டு முன்னிருக்கையிலேயே உட்கார்ந்து தேநீர் குடித்தோம்.

நான் தாளை எடுத்து நீட்டினேன்.

"ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டது," என்றேன்.

அவன் பிரித்துப் படித்தான். மேலே அச்சாகியிருந்த தேதியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"சனிக்கிழமை சேரச் சொல்லியிருக்கிறார்கள்," என்றேன்.

"அப்போ தினமும் போயிப் போயி ஃபோன் பண்ணீங்களே, அது?"

"என் ஆபீஸ் நம்பர். யாரும் எடுக்க மாட்டார்கள்."

அவன் சிரிக்கத் தொடங்கினான். ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தான். "டாக்டர் சார் நாலு நாளா டூப் விட்ருக்காரு. அம்மாட்ட சொன்னா நம்பவே மாட்டாங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டு, சற்று நேரம் காட்டைப் பார்த்தான். பிறகு மெல்லக் கேட்டான்: "எங்கூட சுத்துறதுக்காகவாப்பா?"

நான் தலையசைத்தேன்.

அவன் தாளை, நான் மடித்திருந்த மடிப்புகளிலேயே மடித்தான். "சரிப்பா. சேந்துர்றேன்."

"கராஜ்?" என்றேன். அந்த ஒரு சொல்லையாவது கேட்டேன் என்பதைப் பதிவு செய்கிறேன்.

"அது எங்கயும் போவாது. ஒரு வருஷம் இத பாப்போம். அப்புறம் பேசிக்கலாம்."

மூன்றாவது வாக்கியத்துக்கான இடம் அதுதான். அது என்னிடம் தயாராக இருந்தது. அவன் குரலில் மகிழ்ச்சி இருந்தது; அந்த மகிழ்ச்சியைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை என்று அப்போது நினைத்துக்கொண்டேன். பின்னர் ஆராய்ந்து பார்த்ததில், அவன் இணங்கியது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதும், அந்த நிம்மதியை இழக்க நான் விரும்பவில்லை என்பதும் தெளிவாயிற்று. தேநீர்க் கோப்பைகளை அவன் கழுவினான். புறப்பட்டோம்.

அவன் ஏன் இணங்கினான் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. நான் அவனுக்காக ஒரு பொய் சொன்னேன். அதைப் பெற்றுக்கொண்டவன், பதிலுக்கு எனக்குத் தரக்கூடியது ஒன்றே ஒன்றுதான் என்று கண்டான், அதைத் தந்தான். நான் அந்தத் தாளை ஞாயிறு காலையிலேயே, வழக்கமான என் முகத்தோடு நீட்டியிருந்தால், அவன் மறுத்திருப்பான்.

வண்டிக்காரர் பின்கதவைத் திறந்து முகர்ந்து பார்த்தார். "முட்டை வாசம். இதுல இனி மீனு ஏறுமான்னு தெரியல." அவன் செய்த பலகைக் கட்டிலைப் பிரிக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார், மதிய வேளையில் படுத்துக்கொள்வாராம். காயல்பட்டினத்துக்காரர் விடுதியில் அப்படியே இருந்தார். "சுத்திப் பாத்தாச்சா, தம்பி? விசா வந்துட்டா?" என்று என் மகனிடம் கேட்டார். "வந்துட்டு காக்கா," என்றான் அவன், அவர்கள் ஊரில் அண்ணனை அழைக்கும் சொல்லால். "அல்ஹம்துலில்லாஹ்," என்றார் அவர், என் பக்கம் திரும்பாமல்.

சனிக்கிழமை அவன் வேலையில் சேர்ந்தான். வேலையை நன்றாகவே செய்தான் என்று அவனுடைய மேலாளர்கள் பின்னர் சொன்னார்கள். பத்தாம் மாதம், பனிமூட்டம் அடர்ந்த ஒரு காலையில், அவனும் வேறு நால்வரும் வேலையிடத்துக்குப் போன வண்டி முன்னே நின்றிருந்த லாரியில் மோதியது. மற்றவர்கள் பிழைத்தார்கள்.

உடலை ஊருக்குக் கொண்டு செல்வதற்கு முன் விசாவை ரத்து செய்ய வேண்டும். அதற்கான படிவத்தைத் தட்டச்சு செய்தவர் கடவுச்சீட்டைப் பார்த்து ஒவ்வொரு வரியாக உரக்கப் படித்துக்கொண்டே அடித்தார். தொழில் என்ற வரிக்கு வந்ததும் என்னை நிமிர்ந்து பார்த்து, "என்ஜினியரா, சார்? நல்ல பிள்ளை," என்றார். ஆம் என்றேன்.

ஓராண்டு கழித்து நான் ஓய்வுபெற்றதும் இருவரும் தூத்துக்குடிக்கு வந்துவிட்டோம். என் மனைவி எதையும் கேட்கவில்லை. இரண்டாம் ஆண்டு, ஒரு பிற்பகல், சாப்பிட்ட தட்டுகளை எடுத்துக்கொண்டு நின்றவள் கேட்டாள்.

"அந்த வேல அவனுக்குப் பிடிச்சிருந்துச்சா? உண்மையச் சொல்லுங்க."

"இல்லை," என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பையிலிருந்த தாள், அடித்துக்கொண்டே இருந்த தொலைபேசி, குசைஸ் கராஜ், லாஃப்டின் மேட்டில் சொல்லாமல் விட்ட வாக்கியம். அந்த வாக்கியத்தை அவளிடம் முழுமையாகச் சொன்னேன். வாய்விட்டு அதை நான் சொன்னது அப்போதுதான்.

அவள் தட்டுகளை மேசைமேல் திரும்ப வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"அவன்ட்ட சொல்லியிருக்கலாம்," என்றாள்.

"சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா இருந்திருப்பான்னு நான் சொல்ல வரல. அது ஆண்டவருக்குத்தான் தெரியும். சொல்லியிருக்கலாம். அவ்வளவுதான்."

நான் தலை குனிந்திருந்தேன். வெளியே தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்ப முயன்றுகொண்டிருந்தார்கள். ஒருவழியாக அது கிளம்பிப் போயிற்று.

"நாலு நாளும் என்ன சாப்ட்டீங்க ரெண்டு பேரும்?" என்று கேட்டாள்.

முட்டையும் ரொட்டியும் என்றேன். ஒருநாள் பருப்பு. அவள் காத்திருந்தாள். அவளுக்கு அது போதாது என்பது புரிந்தது. நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து தொடங்கினேன்.